கட்டுப்படியாகும் விலையில் ஒரு மின் எஸ்யூவி

இந்தியாவில் ஒரு மின்சார எஸ்யூவியின் விலை கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கான விடை, அதே அளவுள்ள பெட்ரோல் வண்டியின் விலையில் இருக்கிறது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஸ்யூவியைப் பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் வாங்கிவிடலாம். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வங்கிக் கடன், மாதத் தவணை, முன்பணம் எல்லாம் அந்தத் தொகையைச் சுற்றியே ஓடுகின்றன. மின் வண்டி அதைவிட ஒன்றிரண்டு லட்சம் கூடுதல் என்றால், பெட்ரோல் செலவில் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடிப்பார்கள். ஐந்தாறு லட்சம் கூடுதல் என்றால் பேச்சு அன்றோடு நின்றுவிடும். ஆகவே இந்த நாட்டில் ‘எல்லோரும் வாங்கக்கூடிய மின் எஸ்யூவி எப்போது வரும்?’ என்ற காத்திருப்பு, உண்மையில் அந்த ஐந்தாறு லட்சம் ஒன்றிரண்டு லட்சமாகச் சுருங்கும் நாளுக்கான காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பு 2019 ஜூலையில் தொடங்கியது என்று சொல்லலாம். அதற்கு முன்பும் இந்தியாவில் மின்கார்கள் இருந்தன. பெங்களூரில் உருவான ரேவா 2001-லேயே சாலைக்கு வந்துவிட்டது. ஆனால் அது இரண்டு பெரியவர்கள் நெருக்கியடித்து உட்காரும் நகரத்து வண்டி. குடும்பத்தோடு வெளியூர் போகக்கூடிய மின் எஸ்யூவியாக முதலில் வந்தது ஹூண்டாய் கோனா. பாகங்களாக வந்து இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் பூட்டப்பட்ட வண்டி அது. 39.2 கிலோவாட் மணி பேட்டரி, சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 452 கிலோமீட்டர். ஷோரூம் விலை 25.30 லட்சம் ரூபாய். அடுத்த மாதமே மின் வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் விலையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இறங்கியது. இறங்கியும் என்ன, அந்தப் பணத்துக்கு அன்று இரண்டு நல்ல பெட்ரோல் எஸ்யூவிகள் வாங்கியிருக்கலாம். கோனா நல்ல வண்டி. ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்கவில்லை, ஆனால் வாங்கியவர்கள் குறைவு.

ஆறே மாதத்தில் டாடாவின் நெக்ஸான் மின்கார் வந்தது. 2020 ஜனவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 13.99 லட்சம். இந்திய மின்கார் வரலாற்றில் ஒரு தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கோனாவுக்கும் இதற்கும் இருந்த பத்து லட்சம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் புரிந்துவிடும்.

முதலாவதாக, உடல் புதியதல்ல. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல், டீசல் நெக்ஸானின் கூட்டையே எடுத்து, எஞ்சினுக்குப் பதில் மோட்டாரும், தரைக்கு அடியில் பேட்டரியும் பொருத்தினார்கள். அச்சு, கதவு, கண்ணாடி, இருக்கை எதற்கும் புதிதாக முதல் போட வேண்டியதில்லை. இரண்டாவதாக, பேட்டரி சிறியது: 30.2 கிலோவாட் மணி. மூன்றாவதாக, அந்தப் பேட்டரி வேறு வகை. கோனாவில் இருந்தது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வேதியியல். நெக்ஸானில் இருந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. விலை அதிகமான நிக்கலும் கோபால்ட்டும் இதில் கிடையாது. இரும்பும் பாஸ்பேட்டும் மலிவு.

எல்எஃப்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின் இந்தியாவில் மலிவு விலையை நோக்கி வந்த வண்டிகளில் பெரும்பாலானவை இதன் முதுகில்தான் வந்தன. ஒரே எடைக்கு நிக்கல் வகை சேமிக்கும் அளவு மின்சாரத்தை இது சேமிக்காது. அதனால் அதே ரேஞ்சுக்குப் பேட்டரி கனமாகும். கடுங்குளிரில் இது மந்தமாகும், சார்ஜ் ஏறவும் நேரமெடுக்கும். நார்வே நாட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். வேலூர் வெயிலில் நிலைமை வேறு. வெப்பத்தில் கட்டுமீறித் தீப்பிடிக்கும் ஆபத்து இதில் குறைவு. ஏற்றி இறக்கும் சுழற்சிகளையும் அதிகம் தாங்கும். நூறு சதவீதம் வரை அடிக்கடி சார்ஜ் செய்தாலும் நிக்கல் வகை அளவுக்குச் சீக்கிரம் தேயாது. வெப்ப நாடொன்றில், பத்து ஆண்டு ஒரே காரை வைத்திருக்கும் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு இது பொருத்தமான வேதியியல். மலிவு என்பதற்காக எடுத்த முடிவு, மண்ணுக்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது.

பேட்டரியின் விலை எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 2010-ஆம் ஆண்டில் உலகச் சராசரியில் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு ஆயிரம் டாலருக்கும் மேல் ஆனது. அந்த விலையில் நெக்ஸானின் 30 கிலோவாட் மணி பேட்டரிக்கு மட்டும் முப்பதாயிரம் டாலர் போயிருக்கும். ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் எரிசக்தி ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி 2024-இல் அது 115 டாலர். அந்த விலையில் அதே 30 கிலோவாட் மணிக்கு 3,450 டாலர், ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். பதினான்கு ஆண்டில் இப்படி விலை இறங்கிய பாகம் காரில் வேறொன்று கிடையாது.

ஆனால் இந்த இறக்கம் ஒரே சீராக நடக்கவில்லை. 2022-இல் லித்தியத்தின் விலை எகிறியது. பேட்டரி விலை பல ஆண்டுகளில் முதன்முறையாக ஏறியது. மின்கார் விலைகளும் அதன் பின்னாலேயே ஏறின. அடுத்த வருஷம் குறையும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்த ஆண்டு அது. 2023-இல் லித்தியம் சரிந்ததும் காற்று திரும்பியது. 2024 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் மின்காரின் விலையை 1.20 லட்சம் வரை குறைத்தது. பேட்டரி செல்களின் விலை இறங்கியதே காரணம் என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. மூலப்பொருள் ஏறினால் உடனே விலையை ஏற்றுவதும், இறங்கினால் பேசாமல் இருப்பதும் வழக்கமாக இருக்கும் சந்தையில், இறங்கியதைச் சொல்லிக் குறைத்தது பாராட்டத்தக்க செயல்.

பேட்டரிதான் விலை என்றால், கட்டுப்படியாகும் வண்டி செய்வதற்கான வழிகளும் பேட்டரியைச் சுற்றியே இருக்கும். மலிவான வேதியியல் ஒரு வழி. பேட்டரியைச் சிறிதாக்குவது இன்னொன்று. 2024 ஜனவரி 17 அன்று வந்த பஞ்ச் மின்கார் அந்த வழியில் வந்தது. தொடக்க விலை 10.99 லட்சம், 25 கிலோவாட் மணி பேட்டரி. அதிலேயே 35 கிலோவாட் மணி பேட்டரியும் இருந்தது. அட்வென்ச்சர் என்ற ஒரே வேரியன்ட்டை எடுத்துக்கொண்டால், சிறிய பேட்டரியோடு 11.99 லட்சம், பெரிய பேட்டரியோடு 12.99 லட்சம். பத்து கிலோவாட் மணிக்கு ஒரு லட்சம், அதாவது ஒரு கிலோவாட் மணிக்குப் பத்தாயிரம் ரூபாய். மேலே சொன்ன 115 டாலரை ரூபாயில் மாற்றினாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான் வருகிறது. கடைக்காரர் பேட்டரியை நிறுத்து விற்கிறார் என்று எண்ணிக்கொண்டால் விலைப் பட்டியல் எளிதாகப் புரியும்.

மூன்றாவது வழி, பேட்டரியை விலையிலிருந்தே எடுத்துவிடுவது. 2024 செப்டம்பர் 11 அன்று எம்ஜி நிறுவனம் விண்ட்சர் என்ற வண்டியை 9.99 லட்சத்துக்கு அறிவித்தபோது பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 38 கிலோவாட் மணி பேட்டரியுள்ள, பஞ்சைவிடப் பெரிய வண்டி பத்து லட்சத்துக்கு உள்ளே. விஷயம் என்னவென்றால், அந்த விலை பேட்டரி இல்லாத வண்டிக்கு. பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50-ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வருகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவர் மாதாமாதம் 5,250 ரூபாய் வாடகை கட்டுவார். ஐந்தரை ஆண்டில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொடுவார். அதோடு அவர் கட்டிய வாடகை பேட்டரியின் விலையை எட்டிவிடும். சார்ஜ் செய்யும் செலவு தனி. இதில் தவறாக எதுவும் இல்லை. மொத்தப் பணமும் கையில் இல்லாதவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுவதோடு ஒப்பிட்டால் சிலருக்கு லாபமாகவும் இருக்கலாம். ஆனால் 9.99 லட்சம் என்ற எண்ணை வேறு வண்டிகளின் விலையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. விண்ட்சர் வந்த வாரத்திலேயே டாடா பஞ்ச் மின்காரை 9.99 லட்சத்துக்கும், நெக்ஸானை 12.49 லட்சத்துக்கும் இறக்கியது. நான்கு வருடம் எட்டு மாதத்தில் நெக்ஸானின் தொடக்க விலை 13.99-லிருந்து 12.49 ஆகியிருந்தது. இடையில் மற்ற எல்லாக் கார்களின் விலையும் ஏறிக்கொண்டே போயிருந்ததை நினைத்தால் இது சிறிய விஷயம் இல்லை.

இனி, வரப்போகும் வண்டியைப் பற்றிய எதிர்பார்ப்பு எப்படி வளர்க்கப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். மாருதி சுசூகி இதற்கு நல்ல உதாரணம். நாட்டில் அதிகக் கார்கள் விற்கும் நிறுவனம் ஒரு மின் எஸ்யூவி கொண்டுவரப் போகிறது என்ற செய்தியே ஒரு சந்தையை நிறுத்திவைக்கப் போதுமானது. 2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் இவிஎக்ஸ் என்ற மாதிரி வண்டி வைக்கப்பட்டது. விற்பனைக்கான வடிவம் இ விட்டாரா என்ற பெயரில் 2024 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காட்டப்பட்டது. இந்தியாவில் 2025 ஜனவரியில் தில்லிக் கண்காட்சியில். 49, 61 கிலோவாட் மணி என்று இரண்டு எல்எஃப்பி பேட்டரிகள், 4,275 மில்லிமீட்டர் நீளம், மின்காருக்கென்றே வடிவமைத்த அடித்தளம். 2025 ஆகஸ்ட் 26 அன்று குஜராத்தின் ஹன்சல்பூர் ஆலையில் பிரதமர் உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். நூறு நாடுகளுக்கு மேல் போகும் என்று அறிவிக்கப்பட்ட அந்த வண்டி, இந்திய விலை அறிவிக்கப்படும் முன்பே பிபாவாவ் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. இந்தியாவில் செய்த வண்டியை இந்தியாவில் காத்திருப்பவர்கள் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்காட்சியில் வைப்பது ஒன்று, விலை சொல்வது இன்னொன்று, சொன்ன விலைக்கு வண்டியைக் கையில் கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் எப்போதும் கடைசியில் வரும். மஹிந்திரா பிஇ 6 என்ற வண்டியை 2024 நவம்பரில் சென்னையில் வைத்து அறிமுகப்படுத்தியது. தொடக்க விலை 18.90 லட்சம் என்று சொன்னபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. 2025 பிப்ரவரி 14 அன்று புக்கிங் திறந்த முதல் நாளிலேயே, உடன்பிறந்த எக்ஸ்இவி 9இ வண்டியையும் சேர்த்து, 30,179 பேர் பதிவு செய்தார்கள். ஆனால் மார்ச்சில் முதலில் டெலிவரி ஆனவை மேல்தட்டு வேரியன்ட்கள். 18.90 லட்சத்து வண்டிக்கு ஆகஸ்ட் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2022 ஜனவரியில் ஈக்வினாக்ஸ் மின் எஸ்யூவியை ‘சுமார் 30,000 டாலர்’ என்று சொல்லி அறிவித்தது. 2024-இல் அது வந்தபோது முதலில் கிடைத்த வண்டியின் விலை 43,295 டாலர். மலிவான வேரியன்ட் பின்னர் 34,995 டாலருக்கு வந்தது. நிறுவனங்கள் பொய் சொன்னதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதிய ஆலையில் முதல் ஆண்டு உற்பத்தி குறைவு. குறைந்த வண்டிகளை அதிக லாபம் தரும் வேரியன்ட்களாகச் செய்து விற்பது வியாபாரத்தில் இயல்பு. ஆனால் தொடக்க விலையை நம்பிப் பழைய வண்டியை விற்றுவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, அந்த ஐந்தாறு மாதம் பேருந்திலும் ஆட்டோவிலும் கழியும். டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை எவ்வளவு என்பதைவிட, அந்த விலைக்குரிய வேரியன்ட்டின் டெலிவரி எந்த மாதம் என்பதே.

இந்தியாவின் மிக நீண்ட மின்கார் காத்திருப்பு டெஸ்லாவுக்கானது. 2016 மார்ச் இறுதியில் மாடல் 3 அறிவிக்கப்பட்டபோது, 35,000 டாலர் விலை சொல்லப்பட்டது. முன்பதிவு ஏற்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆயிரம் டாலர் கட்டிய இந்தியர்கள் இருந்தார்கள். டெஸ்லா இந்தியாவில் கடை திறந்தது 2025 ஜூலையில், ஒன்பது ஆண்டு கழித்து. வந்தது மாடல் ஒய் எஸ்யூவி, விலை 59.89 லட்சத்தில் தொடங்கியது. வெளிநாட்டில் முழுமையாகச் செய்து கொண்டுவரும் காருக்கு இங்கே உள்ள சுங்க வரி அப்படி. உள்நாட்டில் தயாராகாத எந்த வண்டியும் இந்தியாவில் கட்டுப்படியான விலைக்கு வராது என்பதை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

உள்நாட்டுத் தயாரிப்பு என்று வரும்போது தமிழ்நாட்டின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. ஹூண்டாயின் கிரெட்டா மின்கார் 2025 ஜனவரி 17 அன்று 17.99 லட்சத்துக்கு வந்தது. அதுவும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வண்டிதான். கோனாவைப் போலப் பூட்டியது இல்லை, பெட்ரோல் கிரெட்டா ஓடும் அதே உற்பத்தி வரிசையில் பிறந்தது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலையைத் திறந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் செய்யும் திறன். அங்கிருந்து வரும் விஎஃப் 6 எஸ்யூவியின் தொடக்க விலை 2025-இல் 16.49 லட்சமாக இருந்தது. உப்பளமும் முத்தும் துறைமுகமுமாக அறியப்பட்ட ஊரில் பதினெட்டு மாதத்துக்குள் ஒரு கார் ஆலை எழுந்தது தென்மாவட்ட இளைஞர்களுக்குச் சாதாரண செய்தி இல்லை. ஆனால் இந்த ஆலைகள் எல்லாவற்றிலும் ஒரு பொது இடைவெளி உண்டு. பேட்டரிப் பெட்டியை இங்கே கட்டுகிறார்கள். அதற்குள் இருக்கும் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. செல் தயாரிப்பை ஊக்குவிக்க ஒன்றிய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதன்கீழ் உருவானவற்றில் ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓலா எலெக்ட்ரிக்கின் செல் ஆலை, அதுவும் ஸ்கூட்டர்களுக்கானது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கும் சீனாவையே நம்ப வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது இந்தியக் கார் ஆலைகளில் எல்லோரும் தங்கள் கையிருப்பை எண்ணத் தொடங்கினார்கள். செல்லும் காந்தமும் இங்கே உருவாகாதவரை விலையின் கடிவாளம் முழுதாக இந்தியர் கையில் இருக்காது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 வரை சிறிய பெட்ரோல் காருக்குச் செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது, அன்றிலிருந்து 18 சதவீதம். அதாவது 24 புள்ளியாக இருந்த வரிச் சலுகை 13 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. பெட்ரோல் வண்டி மலிவாகிவிட்டதால், மின்கார் அதே இடத்தில் நின்றாலும் தூரம் கூடிவிட்டது. பஞ்ச் அளவு வண்டிகளுக்கு இது பெரிய அடி. கிரெட்டா அளவு வண்டிகளுக்குக் கொஞ்சம் குறைவு. இதில் கவனிக்கத்தக்க இன்னொன்று: நான்கு மீட்டருக்கு உட்பட்டால் வரி குறைவு என்ற விதி பெட்ரோல், டீசல் வண்டிகளுக்குத்தான். மின்காருக்கு எந்த நீளமானாலும் 5 சதவீதம்தான். பின்பக்கத்தை வெட்டிச் சுருக்கிய வடிவத்தில்தான் மலிவு வண்டி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. நீளமான விண்ட்சர் அந்த விலைக்கு வர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரோடு டாக்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை முழு விலக்கு கொடுத்தது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் மின்காருக்கு 15 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. ஷோரூம் விலைக்கும் ஆன் ரோடு விலைக்கும் உள்ள இடைவெளி மின்காரில் குறைவாகத் தெரிவது இவற்றால்தான்.

அறிவிக்கப்படும் ரேஞ்ச், விலையைப் போலவே கவனமாகப் படிக்க வேண்டிய எண். அது ஆய்வகத்தில், உருளைகள்மேல், ஏசி போடாமல், மெதுவான இந்திய ஓட்டச் சுழற்சியில் எடுக்கப்படுவது. முதல் நெக்ஸானுக்கு 312 கிலோமீட்டர் என்று சான்று இருந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 200-ஐ ஒட்டி. 2024-இல் நகர ஓட்டத்தோடு வேக ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வந்தபோது, டாடா கர்வ் மின்காரின் 585 கிலோமீட்டர் 502 ஆனது. வண்டி அதேதான், பேட்டரியும் அதேதான். நிறுவனங்கள் இப்போது நடைமுறை ரேஞ்ச் என்று இன்னொரு எண்ணையும் சொல்லத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். 489 கிலோமீட்டர் சான்று பெற்ற 45 கிலோவாட் மணி நெக்ஸானுக்கு அது 350-ஐ ஒட்டி இருக்கிறது. அறிவித்த எண்ணில் நூற்றுக்கு எழுபது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது.

இதைத் தேசிய நெடுஞ்சாலையில் வைத்துப் பார்த்தால் பேட்டரியின் அளவு ஏன் முக்கியம் என்பது தெரியும். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 330 கிலோமீட்டர், மதுரை 460. 25 கிலோவாட் மணி வண்டிக்குத் திருச்சிக்கே வழியில் ஒரு முறையாவது நிறுத்தியாக வேண்டும். 45 அல்லது 50 கிலோவாட் மணி வண்டி திருச்சியைத் தொட்டுவிடலாம், மதுரைக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். ஃபாஸ்ட் சார்ஜரில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற 2024-இல் வந்த பஞ்சுக்கு 56 நிமிடம், கிரெட்டாவுக்கு 58 நிமிடம் என்பது நிறுவனங்களின் கணக்கு. விழுப்புரத்தில் இட்லி சாப்பிட்டு, பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்வரும் நேரம் அது. சார்ஜரில் வேறொரு வண்டி ஏற்கெனவே நிற்காதவரை. தீபாவளி, பொங்கல் நாட்களில் நிற்கும்.

நகரத்துக்குள் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய கேள்வி வீட்டில் சார்ஜ் செய்ய இடம் உண்டா என்பதுதான். சொந்த வீடு, சொந்த மீட்டர், கார் நிற்கும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தால் இரவு முழுவதும் ஏறிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் சம்மதம், பொது மீட்டரா தனி மீட்டரா என்ற வழக்கு, நிறுத்துமிடம் வரை கம்பி இழுக்கும் செலவு என்று நீளும். கார் வாங்கும் முன் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை இது. வாங்கிய பிறகு பேசப்போனால் அக்கம்பக்கத்து உறவும் கெடும்.

ஓட்டும் செலவில் மின்காரின் வலு தெரிகிறது. சிறிய மின் எஸ்யூவி ஒரு யூனிட்டுக்கு ஆறு முதல் ஏழு கிலோமீட்டர் ஓடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 150 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் 1,200 ரூபாய். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் எஸ்யூவிக்கு, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், 6,700 ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 66,000 ரூபாய் மிச்சம். மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வண்டி நான்கரை ஆண்டில் அதை மீட்டுக்கொடுக்கும். ஐந்து லட்சம் கூடுதல் என்றால் ஏழரை ஆண்டு. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்கு இந்தக் காலம் இரட்டிப்பாகும். வாரத்தில் ஒரு நாள் கோவிலுக்கும் சந்தைக்கும் மட்டும் காரை எடுப்பவர் பணத்தைக் கருதி மின்கார் வாங்க வேண்டியதில்லை. வேறு காரணங்கள் இருந்தால் வாங்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் யூனிட் விலை எட்டு ரூபாய் என்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத் தட்டே மாறும், அதற்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். இதுவரை முந்நூறு யூனிட்டில் நின்ற வீடு, காரின் முந்நூறு யூனிட்டும் சேர்ந்து அறுநூறுக்குப் போகும். அப்போது காருக்கான யூனிட்டோடு வீட்டுக்கான யூனிட்டின் விலையும் ஏறும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறி, ஓட்டும் செலவு இன்னும் இறங்கும்.

கடைசியாக, பேட்டரியின் ஆயுள். தொடக்கத்திலிருந்தே பெரும்பாலான நிறுவனங்கள் எட்டு ஆண்டு அல்லது 1.60 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்துவந்தன. 2025-இல் டாடா தன் சில வண்டிகளுக்கு அதை வாழ்நாள் உத்தரவாதமாக, அதாவது பதினைந்து ஆண்டாக, நீட்டியது. எம்ஜி விண்ட்சருக்கும் வாழ்நாள் உத்தரவாதம் சொன்னது. இவை முதல் உரிமையாளருக்கு மட்டும். வண்டியை விற்றால், வாங்குபவருக்குப் பழைய வரம்புதான். புதிய கார் ஷோரூமில் இந்த வரியை யாரும் உரக்கப் படிப்பதில்லை. ஆனால் இந்தியாவில் பலருடைய முதல் கார் இன்னொருவர் ஓட்டிய கார்தான். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் மின் எஸ்யூவி கண்காட்சி மேடையில் இல்லை, பழைய கார் சந்தையில்தான் நிற்கிறது. பச்சை நம்பர் பலகையோடு விற்பனைக்கு வரும் அந்த வண்டியின் விலை, பேட்டரியில் எத்தனை சதவீதம் மீதி இருக்கிறது, உத்தரவாதத்தில் எத்தனை மாதம் மீதி இருக்கிறது என்ற இரண்டு எண்களில் அடங்கிவிடும். 2020 தொடக்கத்தில் சாலைக்கு வந்த முதல் நெக்ஸான்களுக்கு அந்த எட்டு ஆண்டு 2028-இல் முடிகிறது.